பான் எண்ணின் 4ஆவது எழுத்தைப் பாருங்கள்

ஜாப் ஒர்க் (கூலிக்குச் செய்து தரும் வேலை) பில்லுக்கு டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே கழிக்கும் வருமான வரி) பிடிக்கும் முன், பான் எண்ணின் 4ஆவது எழுத்தைப் பாருங்கள். பி (P), எச் (H) என்றால் 1 சதவீதம். எஃப் (F), சி (C) என்றால் 2. தனிநபரா, கூட்டுக் குடும்பமா, பார்ட்னர்ஷிப்பா, கம்பெனியா என்பதை அந்த எழுத்தே சொல்லிவிடும். திருப்பூரில் பவர் டேபிள் (தையல்), செக்கிங், அயர்ன் யூனிட் எல்லாமே ‘டெக்ஸ்’, ‘கார்மெண்ட்ஸ்’ என்றுதான் பில் போடும். பெயரை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது.

டிடிஎஸ்ஸைக் குறைத்துப் பிடித்து, காலாண்டுக் கணக்கைத் தாக்கலும் செய்தாச்சா? சரி, மீதியை வட்டியோடு கட்டிவிட்டு, வருமான வரித் துறையின் டிடிஎஸ் தளமான டிரேசஸிலிருந்து (TRACES) அந்தக் காலாண்டின் கான்சோ ஃபைலை (நீங்கள் தாக்கல் செய்த கணக்கின் தொகுப்பு) புதிதாக இறக்கி அந்த ஒரு என்ட்ரியை மட்டும் திருத்துங்கள். நோட்டீஸ் வரட்டும் என்று தயவுசெய்து காத்திருக்காதீர்கள், மாதாமாதம் வட்டி ஏறும்.

பான் தராதவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, 20 சதவீதம். ஒரு பில் 30,000 ரூபாயையும் வருட மொத்தம் 1 லட்சத்தையும் தாண்டாதவருக்குப் பிடிக்கவே வேண்டாம்.