கலப்புக் குடியிருப்புப் பகுதியில் எதைக் கட்டலாம், எதை நடத்தலாம்: சென்னைக்கான வழிகாட்டி

சென்னையில் மனை வாங்கிக் கீழ்த்தளத்தில் மருத்துவமனை, மேல்தளங்களில் வீடுகள் என்று திட்டமிடுகிறவர்கள் முதலில் கேட்டு வாங்குவது பட்டாவையும் வில்லங்கச் சான்றையும்தான். அவை நிலம் யாருடையது, அதன்மேல் கடன் உண்டா என்பதைச் சொல்லும். அந்த நிலத்தில் என்ன செய்யலாம் என்பதைச் சொல்லா. அதைச் சொல்வது நிலப் பயன்பாட்டு விதி. முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அதைப் பார்த்துவிட வேண்டும் என்பதே இந்த வழிகாட்டியில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது.

இந்த விதிகளுக்கு அடிப்படை 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம். அதன்கீழ் 2008 செப்டம்பரில் ஒப்புதல் பெற்ற சென்னையின் இரண்டாவது முழுமைத் திட்டம், 1,189 சதுர கிலோமீட்டர் பரப்பை முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், நிறுவனம், தொழில், வேளாண்மை, திறந்தவெளி என்று பல பயன்பாட்டு மண்டலங்களாகப் பிரித்தது. ஒவ்வொரு மண்டலத்திலும் எவற்றை அனுமதிக்கலாம் என்ற பட்டியலும், உயரம், தளப்பரப்பு, வாகன நிறுத்தம் ஆகியவற்றின் அளவுகளும் இப்போது 2019-இல் வெளியான தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் உள்ளன. விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால், நண்பர் அனுப்பிய பழைய கோப்பை நம்பாமல், திருத்தங்கள் சேர்க்கப்பட்ட அண்மைய பதிப்பையே படிக்க வேண்டும்.

முதல் வேலை, உங்கள் நிலம் எந்த மண்டலத்தில் வருகிறது என்று கண்டறிவது. இதற்குத் தெரு முகவரி போதாது; வருவாய்க் கிராமத்தின் பெயரும் உட்பிரிவோடு கூடிய சர்வே எண்ணும் வேண்டும். மாநகராட்சியின் பழைய பகுதிகளில் பிளாக் எண்ணும் நகர நில அளவை எண்ணும் தேவைப்படும். சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் இணையதளத்தில் கிராமத்தையும் சர்வே எண்ணையும் கொடுத்து மண்டலத்தைப் பார்த்துக்கொள்ளலாம். ஒரே சர்வே எண்ணுக்குள் ஒரு பகுதி கலப்புக் குடியிருப்பாகவும் மறுபகுதி வேறொன்றாகவும் இருப்பது உண்டு; எனவே வரைபடத்தையும் பார்க்க வேண்டும், பெரிய முதலீடு என்றால் குழுமத்திடம் எழுத்து வடிவில் உறுதி பெற வேண்டும். சில இடங்களுக்கு முழுமைத் திட்டத்தோடு தனியாக விரிவான வளர்ச்சித் திட்டமும் இருக்கும். அங்கே அதன் வரைபடத்தையும் கேட்டுப் பாருங்கள். 2022-இல் பெருநகரப் பகுதி 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டது. அப்படிப் புதிதாகச் சேர்ந்த ஊர்கள் 2008-ஆம் ஆண்டு வரைபடத்தில் இருக்கமாட்டா.

மண்டலம் தெரிந்ததும் பட்டியலுக்கு வரலாம். முதன்மைக் குடியிருப்பு மண்டலம் வீடுகளுக்கே முன்னுரிமை தருவது. தனிவீடு, அடுக்குமாடிக் குடியிருப்பு, அங்கே குடியிருக்கும் மருத்துவரோ வழக்குரைஞரோ தம் தொழிலுக்கு வைத்துக்கொள்ளும் சிறிய ஆலோசனை அறை, அன்றாடத் தேவைக்கான சிறுகடை, பள்ளி, பூங்கா போன்றவை அதில் அடங்கும். கலப்புக் குடியிருப்பு மண்டலம் இவை அனைத்தையும் ஏற்று, அதற்கு மேலும் இடம் தருகிறது. விடுதி, திருமண மண்டபம், வழிபாட்டிடம், மருத்துவமனை, வங்கி, உணவகம், தங்கும் விடுதி, சில்லறை விற்பனைக் கடை, அடுமனை, குறைந்த குதிரைத்திறன் கொண்ட இயந்திரங்களோடு இயங்கும் சிறுதொழில் என அது நீள்கிறது.

இந்தப் பட்டியலை வாசிக்கும்போது இரண்டு பழக்கங்கள் உதவும். ஒன்று, பயன்பாட்டின் பெயரோடு நிறுத்திவிடாமல், அதைத் தொடர்ந்து வரும் பரப்பளவு, குதிரைத்திறன் வரம்புகளையும் படிப்பது. தையற்கடை பட்டியலில் இருக்கலாம். ஆனால் நீங்கள் வைக்கப்போவது வரம்பை மீறிய இயந்திரங்களோடு இயங்கும் ஆயத்த ஆடைக் கூடம் என்றால், அது வேறு வகையாகிவிடும். மற்றொன்று, பட்டியலில் இல்லாததை அனுமதிக்கப்பட்டதாகக் கருதாமல் இருப்பது. எதிர்வீட்டில் நடக்கிறது என்பது உங்களுக்கு அனுமதி ஆகாது; அது விதிமீறலாகவே அங்கு நடந்துகொண்டிருக்கலாம்.

வேறு பல நாடுகளின் நகரங்களில் நடுத்தர அடர்த்திக் குடியிருப்பு என்று மண்டலத்தின் பெயரிலேயே அடர்த்தி சொல்லப்படும். சென்னையில் மண்டலம் சொல்வது முக்கியமாகப் பயன்பாட்டை. எவ்வளவு கட்டலாம் என்பதைப் பெரும்பாலும் தெருவின் அகலமும் கட்டடத்தின் உயரமும் தீர்மானிக்கின்றன. 18.30 மீட்டர் உயரம் வரையிலான கட்டடங்கள் உயரமல்லாத கட்டடங்கள் எனப்படும். நடுத்தர அடர்த்தி என்று நாம் நினைக்கும் நான்கு, ஐந்து மாடிக் குடியிருப்புகள் இதில்தான் அடங்கும். இவற்றுக்கு 2019 விதிகள் தளப்பரப்புக் குறியீட்டை 1.5-இலிருந்து 2 ஆக உயர்த்தின. அதாவது 2,400 சதுர அடி மனையில், மற்ற விதிகள் இடம் கொடுத்தால், 4,800 சதுர அடி வரை கட்டலாம். அதற்கு மேல் உயரும் கட்டடங்களுக்கு 3.25 என்ற குறியீடு கிடைக்க வேண்டுமானால் 18 மீட்டர் அகலச் சாலை வேண்டும். அரசுக்குக் கட்டணம் செலுத்திப் பெறும் கூடுதல் தளப்பரப்பும் சாலை அகலத்தைப் பொறுத்தே கிடைக்கும். ஆகவே ஒரே கலப்புக் குடியிருப்பு மண்டலத்தில், முதன்மைச் சாலையை ஒட்டிய மனையில் எளிதாக அனுமதி கிடைக்கும் மருத்துவமனைக்கு, இரண்டு தெரு உள்ளே தள்ளியிருக்கும் மனையில் கிடைக்காமல் போகலாம். ஆவணத்தில் எழுதியிருக்கும் சாலை அகலத்தை நம்பாமல், நில அளவரை வைத்து நேரில் அளந்துவிடுங்கள்.

அடுத்தது வாகன நிறுத்தம். அனுமதிக்கப்பட்ட பயன்பாடாக இருந்தும் திட்டம் முடங்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். வீட்டுக்கு ஓர் அளவு, கடைக்கு ஓர் அளவு, உணவகத்துக்கும் மருத்துவமனைக்கும் வேறு அளவு என்று விதிகள் பிரித்துக் கேட்கின்றன. ஆகவே இருக்கும் குடியிருப்பின் கீழ்த்தளத்தை உணவகமாக மாற்றினால் தேவைப்படும் நிறுத்துமிடங்களின் எண்ணிக்கையும் உயரும்; சுற்றிலும் விட்ட திறந்தவெளியில் அதற்கு இடம் இருக்காது. வண்டிகளுக்காகத் தரைமட்டத்தில் தூண்களை மட்டும் நிறுத்தி விடும் தூண்தளத்தைச் சுவர் எழுப்பிக் கடையாக்குவது நகரமெங்கும் காணப்படும் மீறல். அனுமதி பெற்ற வரைபடத்தில் அந்தத் தளம் வண்டிகளுக்கென்று காட்டப்பட்டிருந்தால், மண்டலம் கடையை ஏற்றாலும் அந்தக் கடை விதிமீறலே. தம் வண்டியைத் தெருவில் விட நேரும் குடியிருப்பவர்களுக்கும், அதனால் தெருவில் நடக்க வழியில்லாத முதியவர்களுக்கும் இது செய்யும் கேடு சிறியதன்று.

ஏற்கெனவே உள்ள கட்டடத்தை வாடகைக்கு எடுக்கிறவர்கள், அதன் திட்ட அனுமதியின் நகலையும் ஒப்புதல் பெற்ற வரைபடத்தையும் உரிமையாளரிடம் கேட்டு வாங்க வேண்டும். வரைபடத்தில் குடியிருப்பு என்று எழுதியிருந்தால், வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவதும் சட்டப்படி வளர்ச்சிப் பணியே. அதற்கும் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 49-ஆம் பிரிவின்கீழ் அனுமதி பெற வேண்டும். சிறிய கட்டடங்களுக்கான விண்ணப்பத்தை உள்ளாட்சி அமைப்பும், பெரியவற்றைக் குழுமமும் பரிசீலிக்கும். தொழில் உரிமம், ஜி.எஸ்.டி. பதிவு, வணிகக் கட்டணத்தில் மின் இணைப்பு, வணிகச் சொத்து வரி ரசீது ஆகிய எதுவும் நிலப் பயன்பாட்டு அனுமதிக்கு மாற்றாகாது. அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் உரிமையாளர் சங்கத்தின் துணைவிதிகளும் குறுக்கே நிற்கும். அவற்றைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

மண்டலத்துக்கு மேலாக வேறு கட்டுப்பாடுகளும் படியலாம். கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய நிலத்தடி நீர் செறிவூட்டும் பகுதி, செங்குன்றம் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதி, விமான நிலையத்தைச் சுற்றிய உயர வரம்பு ஆகியவை சென்னையில் அடிக்கடி எதிர்ப்படுபவை. மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி. அதற்கு அப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி.

நீங்கள் விரும்பும் பயன்பாடு மண்டலத்தில் இல்லையென்றால், அதே சட்டத்தின் 32-ஆம் பிரிவின் 4-ஆம் உட்பிரிவின்கீழ் நிலப் பயன்பாட்டு மாற்றம் கோரலாம். அக்கம்பக்கத்தாரின் ஆட்சேபங்களைக் கேட்டு, தொழில்நுட்பக் குழு ஆராய்ந்து, குழுமம் முடிவெடுக்கும் நடைமுறை என்பதால் மாதங்கள் பல ஆகும். கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. அனுமதி மறுக்கப்பட்டால் 79-ஆம் பிரிவின்கீழ் மேல்முறையீடு செய்யலாம். மீறிக் கட்டிவிட்டுப் பிறகு வரன்முறைப்படுத்திக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். அதற்கு வழி தரும் 113-சி பிரிவு 1-7-2007-க்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களுக்கே உரியது. அதற்குப் பிந்தைய மீறல்களுக்கு 56, 57-ஆம் பிரிவுகளின்கீழ் பணி நிறுத்தம், பூட்டி முத்திரையிடல், இடிப்பு வரை நடவடிக்கை எடுக்கலாம்.

இத்தனையும் பார்த்து முடிக்கச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் மனையோ கட்டடமோ கைநழுவிவிடும் என்ற அச்சம் இருந்தால், விற்பனை ஒப்பந்தத்திலோ வாடகை ஒப்பந்தத்திலோ ஒரு நிபந்தனை சேர்த்துக்கொள்ளுங்கள். எந்தப் பயன்பாட்டுக்காக எடுக்கிறீர்கள் என்பதைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அதற்குத் திட்ட அனுமதி கிடைக்காவிட்டால் முன்பணம் இத்தனை நாளுக்குள் திருப்பித் தரப்படும் என்று எழுதி, இரு தரப்பும் கையொப்பமிட வேண்டும்.