பில்டு மிச்சத்தை அழிக்கும்போது செய்யக் கூடாதவை

பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் நம்மூர்க்காரர்கள் நாலு பேர் இருக்கிற டீம் என்றால், பில்டு (எழுதிய நிரலை ஓடக்கூடிய மென்பொருளாக மாற்றும் வேலை) உடைந்ததும் பின் சீட்டிலிருந்து ஒரு குரல் வரும்: "கிளீன் பண்ணிட்டு மறுபடி ஓட்டு தம்பி." பழைய பில்டின் மிச்சக் கோப்புகளை அப்படி மொத்தமாக அழிப்பதுதான் முதல் தவறே. கோப்பு கடைசியாக மாறிய நேரத்தைப் பார்த்து, மாறியதை மட்டும் கம்பைல் செய்வதுதான் (கணினிக்குப் புரியும் வடிவுக்கு மாற்றுவதுதான்) 'மேக்' என்ற பில்டு கருவியின் வேலை. எல்லாவற்றையும் அழித்துவிட்டால் இரண்டு வரித் திருத்தத்துக்கு மொத்த புராஜெக்டும் திரும்ப ஓட வேண்டும். கம்பைலரை மாற்றியிருந்தால் சரி, அழியுங்கள். மேக்குக்கு வழிசொல்லும் மேக்ஃபைலில் ஏதோ ஒரு ஹெடரை (பல கோப்புகள் பகிர்ந்துகொள்ளும் அறிவிப்புக் கோப்பை) குறிப்பிட விட்டுப்போயிருந்தால் மேக்ஃபைலைத் திருத்துங்கள்.

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலைக் கட்டுகிறவர்கள் 'மேக் கிளீன்' போட்டால் டாட் கான்ஃபிக் (கெர்னலுக்கான தேர்வுகளை வைத்திருக்கும் கோப்பு) தங்கும். 'மேக் எம்ஆர்புராப்பர்' அதையும் சேர்த்துத் துடைத்துவிடும். மெனுகான்ஃபிக் என்ற தேர்வுத் திரையில் ராத்திரி உட்கார்ந்து தேர்ந்தெடுத்ததெல்லாம் அதோடு போச்சு. முதலில் அந்தக் கோப்பை வெளியே ஒரு நகல் எடுத்து வையுங்கள்.

என்னைக் கேட்டால் இருப்பதிலேயே ஆபத்தானது, நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவியான கிட்டின் 'கிட் கிளீன் -எஃப்டிஎக்ஸ்' கட்டளை. வேகமானதுதான், ஆனால் கண்மூடித்தனமானது. கிட் கணக்கில் சேராத அநேகமாக எதையும் விட்டுவைக்காது. நேற்று எழுதி இன்னும் 'ஆட்' பண்ணாத கோப்பு, பாஸ்வேர்டு வைத்திருக்கும் டாட் ஈஎன்வி கோப்பு, எல்லாம் காலி. குப்பைத் தொட்டியிலும் இருக்காது, கிட்டிலும் கிடைக்காது. 'எஃப்' எழுத்துக்குப் பதில் 'என்' எழுத்தைப் போட்டு ஓட்டினால் எவையெல்லாம் போகும் என்று பட்டியல் மட்டும் காட்டும். அதைப் படித்துவிட்டு, காப்பாற்ற வேண்டியதை -ஈ போட்டு விலக்கிவிட்டு, அப்புறம் அழியுங்கள்.

சுடோ (நிர்வாகி உரிமையோடு கட்டளையை ஓட்டுவது) போட்டு கம்பைல் செய்யாதீர்கள். கோப்புகள் ரூட் என்ற நிர்வாகியின் பெயரில் போய், பிறகு அழிக்கவும் சுடோ தேவைப்படும்.

உண்மையிலேயே வேகம் வேண்டுமென்றால் பில்டைத் தனி ஃபோல்டரில் வையுங்கள். மேக்ஃபைலை உருவாக்கித் தரும் கருவியான சிமேக்கில் '-பி பில்டு' போதும். லட்சக்கணக்கான சின்னக் கோப்புகளை ஒவ்வொன்றாக நீக்குவதுதான் நேரம் தின்கிறது; ஃபோல்டரின் பெயரை மாற்றுவது கண்ணிமைக்கும் நேரம். பெயரை 'பழசு' என்று மாற்றி, அழிக்கும் கட்டளையைப் பின்னணியில் ஓடவிட்டு, புது பில்டைத் தொடங்கிவிடலாம். இதிலும் ஒரு தவறு நடக்கும்: தற்காலிகக் கோப்புகளுக்கான டிஎம்பி ஃபோல்டருக்கு நகர்த்துவது. அது வேறு ஃபைல் சிஸ்டமாக (தனிச் சேமிப்புப் பகுதியாக) இருந்தால், நகர்த்துவது என்பது நகலெடுத்து அழிப்பதாகிவிடும், இன்னும் மெதுவாகும்.

சிமேக்கில் கட்டி, 'மேக் இன்ஸ்டால்' போட்டுக் கணினியில் நிறுவிய மென்பொருள் என்றால் பில்டு ஃபோல்டரை உடனே தூக்கிப் போடாதீர்கள். எங்கெங்கே என்ன கோப்பு போய் உட்கார்ந்தது என்கிற பட்டியலை சிமேக் 'இன்ஸ்டால் மேனிஃபெஸ்ட்' என்ற கோப்பாக அங்கேதான் எழுதி வைக்கிறது. நாளைக்கு அதை நீக்க வேண்டி வந்தால் அந்தப் பட்டியல்தான் துணை.