இறந்தோர் தினச் சமையல்: எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது?

நவம்பர் 1, 2 தேதிகளில் மெக்சிகோ தன் மறைந்தவர்களை வீட்டுக்கு வரவேற்கிறது. முதல் நாள் குழந்தைகளாகவே இறந்துபோனவர்களுக்கு, இரண்டாம் நாள் பெரியவர்களுக்கு. வீடுதோறும் ஒஃப்ரெண்டா என்னும் படையல் மேடை அமைத்து, துலுக்கச் சாமந்தி பரப்பி, தண்ணீரும் உப்பும் வைத்து, போனவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைக்கிறார்கள். நம் ஊர் மாலைகளில் கோக்கும் அந்தச் சாமந்தியின் பூர்விகமே மெக்சிகோதான். 2008-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலிலும் இந்த நாள் இடம்பெற்றது.

இந்த நாளுக்கென்று சமைக்க நினைப்பவர்கள் முதலில் சறுக்குவது உணவுத் தேர்வில். மொறுமொறு டாக்கோவும் மஞ்சள் சீஸ் ஊற்றிய சிப்ஸும் பெரும்பாலும் அமெரிக்க உணவகங்கள் வளர்த்த பழக்கம். இந்தப் படையலில் அவற்றுக்கு வேலை இல்லை. இங்கே முதலிடம் பெறுபவை தமாலே (மக்காச்சோள மாவை இலையில் மடித்து ஆவியில் வேகவைத்தது), மோலே (உலர் மிளகாய் அரைத்த கெட்டிக் குழம்பு), மேலே எலும்பு வடிவங்கள் ஒட்டிய இறந்தோர் ரொட்டி, வெல்லப் பாகில் வெந்த பரங்கி, சூடான அத்தோலே (மக்காச்சோள மாவுக் கஞ்சி). எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்யவும் வேண்டாம். இரண்டைத் தேர்ந்தெடுத்து ஒழுங்காகச் செய்தால் போதும்.

மாற்றுப் பொருள் சேர்ப்பது குற்றமல்ல, மெக்சிகோவிலேயே ஊருக்கு ஊர் மாறும். ஆனால் ஒரே ஒரு இடத்தில் மாற்றுக்கு வழியே கிடையாது: தமாலே மாவு. கடையில் ‘கார்ன் ஃப்ளார்’ என்று விற்கும் வெள்ளைத் தூள் வெறும் ஸ்டார்ச். அதில் தமாலே செய்தால் பசைதான் மிஞ்சும். மஞ்சள் மக்காச்சோள மாவு வாங்கினாலும் பிசையும்போதே உதிரும், வெந்த பிறகும் உதிரும். ஸ்வீட் கார்னை அரைத்துச் செய்வது வேறொரு பண்டம்.

காரணம் சுண்ணாம்பு. உலர்ந்த மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, இரவு முழுக்க அதிலேயே ஊறவிட்டு, தோலைக் கழுவி நீக்கிய பிறகே மெக்சிகோவில் அரைப்பார்கள். சுண்ணாம்பு தோலைக் கரைக்கிறது, மணிக்குள் இருக்கும் பிசினை இளக்குகிறது. அதனால்தான் மாவு சேர்ந்து பிடிக்கிறது. அதற்கென்றே உரிய அந்த மணமும் வருகிறது. மூவாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட இந்த நுட்பத்தை விட்டுவிட்டு ஐரோப்பியர்கள் சோளத்தை மட்டும் கொண்டுபோனார்கள். சோளத்தில் உள்ள நியாசின் என்னும் வைட்டமின் சுண்ணாம்பு படாவிட்டால் உடலில் சரியாகச் சேராது. சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகள் இத்தாலியிலும் ஸ்பெயினிலும், பிறகு அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் நியாசின் குறைவால் வரும் பெலாக்ரா நோயில் வாடினார்கள். மெக்சிகோவின் பாட்டிமார்களுக்கு இருந்த அறிவின் மதிப்பு இவ்வளவு.

ஆகவே இப்படிச் சுண்ணாம்பில் பதப்படுத்தி ‘மாசா அரினா’ என்று பெயர் போட்ட மாவையே வாங்குங்கள், இணையத்தில் கிடைக்கிறது. வீட்டிலேயே செய்வதானால், ஒரு கிலோ உலர்ந்த மக்காச்சோளத்துக்குப் பத்து கிராம் அளவு வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து, தோல் விரலில் வழுக்கும்வரை வேகவைத்து, மூடி இரவு முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் பலமுறை அலசி, தண்ணீரைத் தெளித்துத் தெளித்துக் கெட்டியாக அரையுங்கள். நீறாத சுண்ணாம்புக் கல்லும், சுவருக்கு அடிக்கும் சுண்ணாம்பும் ஆகவே ஆகாது. அலுமினியப் பாத்திரமும் கூடாது, சுண்ணாம்பு அதை அரித்துவிடும்.

இரண்டு கப் மாசா அரினாவுக்கு ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், அரைத் தேக்கரண்டி உப்பு, முக்கால் கப்புக்குச் சற்றுக் குறைவாகக் கொழுப்பு, இரண்டு கப் வெதுவெதுப்பான சூப்புத் தண்ணீர். மெக்சிகோவில் பன்றிக்கொழுப்பு, வேண்டாதவர்கள் வெண்ணெய் சேர்க்கலாம். கொழுப்பைத் தனியாக அடித்து வெளுத்து நுரைக்க விடாமல், மாவோடு சேர்த்துப் பிசைந்துவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. அடித்த கொழுப்பில் மாவையும் சூப்பையும் மாறி மாறிச் சேர்த்து, பிறகு ஒரு சிட்டிகை மாவை ஒரு டம்ளர் குளிர்ந்த நீரில் போடுங்கள். மிதந்தால் பதம் வந்துவிட்டது. மூழ்கினால் இன்னும் அடிக்க வேண்டும். இந்தச் சோதனையைத் தவிர்த்தவர்களின் தமாலே கல்லாகத்தான் இறங்கும்.

மடிக்கச் சோளமடல் கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். வஹாக்கா மாநிலத்தில் வாழையிலையிலும் கட்டுகிறார்கள். இலையைத் தீயில் வாட்டிவிட்டுக் கட்டுங்கள். மாவு இலையிலிருந்து ஒட்டாமல் பிரியும்வரை, ஏறத்தாழ ஒரு மணி நேரம், ஆவியில் வேக வேண்டும். இறக்கிய உடனே பிரித்தால் குழைந்திருக்கும். கால் மணி நேரம் ஆறவிட்டால் தானே இறுகும்.

மோலேயில் தவறு மிளகாயில் நடக்கிறது. ஆன்சோ, முலாத்தோ, பசியா ஆகிய உலர் மிளகாய்களுக்குக் காரம் குறைவு, உலர்ந்த திராட்சை போன்ற இனிப்பும் கருமையும் அதிகம். அவற்றை டஜன் கணக்கில் போடுவார்கள். அந்த அளவுக்கு நம் குண்டு மிளகாயைப் போட்டால் யாராலும் வாயில் வைக்க முடியாது. காஷ்மீரி மிளகாய் நிறத்தைத் தரும், ஆழத்தைத் தராது. உலர் திராட்சையைக் கொஞ்சம் கூட்டிச் சரிக்கட்டலாம். வறுக்கும்போது சில நொடிகள் போதும். புகை கிளம்பினால் குழம்பு முழுதும் கசக்கும். வஹாக்காவின் கறுப்பு மோலேயில் வேண்டுமென்றே கருக்குகிறார்கள், ஆனால் கசப்பை நீக்க ஊறவைத்து அலசவும் தெரிந்தவர்கள் அவர்கள். முதன்முறை செய்பவர்கள் அதில் இறங்க வேண்டாம். அரைத்த விழுதை எண்ணெய் பிரிந்து வரும்வரை வதக்குங்கள், இது நமக்குப் பழகிய வேலைதான். சாக்லேட் ஒரு சிறு துண்டு, கடைசியில், பால் சேராதது. மோலேயைச் சாக்லேட் குழம்பு என்று நினைத்துக் கட்டி கட்டியாகப் போடுவது எனக்குப் பொறுக்காத தவறு.

பரங்கிப் பண்டத்துக்குக் கரும்பு வெல்லத்தைத் தாராளமாகப் பயன்படுத்தலாம், மெக்சிகோவின் பிலோன்சியோவும் சுத்திகரிக்காத கருப்பஞ்சாற்று வெல்லமே. தவறு பட்டையில். நம் மளிகைக் கடையில் கிடைக்கும் தடித்த பட்டை பெரும்பாலும் காசியா என்னும் வேறு இனம். போட்டால் பிரியாணி மணம் தூக்கும். மெக்சிகோவினர் பயன்படுத்துவது இலங்கைக் கறுவா. அதை அதிகம் வாங்கும் நாடுகளில் மெக்சிகோ முன்னணியில் இருக்கிறது. ஏடு ஏடாகச் சுருண்டு, கையால் நொறுக்கினால் உடையும் பட்டையாகப் பார்த்து வாங்குங்கள். பரங்கியைத் தோலோடு பெரிய துண்டுகளாக வெட்டுங்கள், தோலைச் சீவினால் கூழாகும்.

ரொட்டி மாவில் முட்டையும் வெண்ணெயும் அதிகம் என்பதால் மெதுவாகத்தான் உப்பும். நம் வெயிலில் அவசரப்பட்டு வெளியே வைத்தால் வெண்ணெய் உருகி மாவு சரியும். இரவு குளிர்பெட்டியில் வைப்பதே நல்லது. மேலே ஒட்டும் எலும்பு வடிவங்களுக்கு எடுக்கும் மாவில் இன்னும் கொஞ்சம் மைதா சேர்த்து இறுக்காவிட்டால் அடுப்பில் தடம் தெரியாமல் கரையும். ஆரஞ்சுப் பூ நீர் அரைத் தேக்கரண்டிக்கு மேல் போனால் சோப்பு வாடை.

அத்தோலேக்கு மாசா அரினாவைக் குளிர்ந்த நீரில் கரைத்தே ஊற்ற வேண்டும், கொதிநீரில் கொட்டினால் கட்டி தட்டும்.

படையலில் வைப்பதும் யோசிக்க வேண்டியதுதான். பட்டியலைப் பார்த்து அடுக்காதீர்கள். உங்கள் தாத்தாவுக்குப் பிடித்தது முறுக்கும் காப்பியும் என்றால் தமாலே பக்கத்தில் அவைதான் இருக்க வேண்டும். மெக்சிகோ வீடுகளில் போனவர் குடித்த மதுவும் பிடித்த சிகரெட்டும்கூட இடம்பெறுவதுண்டு. கோழி சேர்த்த மோலேயைச் சிறு கிண்ணத்தில் மட்டும் வையுங்கள், மீதியைக் குளிர்பெட்டியில் எடுத்து வைத்துவிடுங்கள். இரவு முழுக்க வெளியே இருந்ததை யாரும் சாப்பிடக்கூடாது. மறுநாள் தமாலேயை இலையைப் பிரிக்காமல் மீண்டும் ஆவியில் கால் மணி நேரம் வையுங்கள்.