குரோ டென்ட்டைக் கீழே இருந்து உயர்த்துவோம்

ஆனி பிறந்து சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் செங்கோட்டையில் மொட்டை மாடித் தக்காளி அவ்வளவுதான். வெயில் முகம் காட்டாது. ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் காற்று செடியை ஆட்டி எடுக்கும். மிச்சத்தைக் குரங்கு பார்த்துக்கொள்ளும். அதனால்தான் பின்னறையில் ஒரு குரோ டென்ட் போட்டேன், அதாவது குழாய்ச் சட்டத்தின் மேல் உறை போட்டு, உள்ளே விளக்கு வெளிச்சத்தில் செடி வளர்க்கும் கூடாரம். அடி 80 × 80 செ.மீ., உயரம் 160. இரண்டு மாதத்தில் செர்ரி தக்காளி விளக்கில் போய் முட்டி நுனி இலை கருகிவிட்டது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் செடி மேல் தப்பில்லை. தொட்டி 30 செ.மீ., விளக்கும் கொக்கியும் 20, விளக்குக்கும் நுனிக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளி 40. 160-இல் இதையெல்லாம் கழித்தால் செடிக்கு மிஞ்சுவது 70 செ.மீ.! படர்ந்து ஏறும் தக்காளிக்கு அது எந்த மூலைக்கு? 40 செ.மீ. கூட்டினால் 110 கிடைக்கும்.

பலரும் கூரையைக் கிழித்து மேலே தொப்பி மாதிரி ஒன்று கட்டப் பார்ப்பார்கள். வேண்டாம். விளக்கு, விசிறி, காற்றை வெளியேற்றும் குழாய் எல்லாம் மேலேதான் தொங்குகின்றன. நன்றாக நிற்கிற பகுதியைத் தொடாமல் காலுக்குக் கீழே நீட்டுவதுதான் புதிதாகச் செய்பவருக்குச் சுலபம்.

சாமான்கள்

என் டென்ட்டின் கால் 16 மி.மீ. குழாய். பட்டறை பாஷையில் ஐந்து நூல். அதே பருமனில் 40 செ.மீ. இரும்புக் குழாய் நான்கு வெட்டி வாங்குங்கள். டென்ட்டின் மூலை பிளாஸ்டிக் இணைப்பு ஒன்றைக் கையோடு கொண்டுபோய்க் கடையிலேயே செருகிப் பாருங்கள். நான் அப்படி நிற்பதைப் பார்த்து அண்ணாச்சி "என்ன தம்பி, கட்டிலுக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன், விளக்க ஆரம்பித்தால் பொழுது போய்விடும்.

மூட்டுக்கு முக்கால் இஞ்ச் சி.பி.வி.சி. (வெந்நீருக்குப் போடும் பிளாஸ்டிக்) குழாயில் 20 செ.மீ. துண்டு நான்கு. மறைப்புக்கு, தோட்டத்தில் பாத்தி மேல் விரிக்கிற வெள்ளி-கறுப்பு மல்ச்சிங் ஷீட், 4 அடி அகலத்தில் 4 மீட்டர். கடையில் ரோலாகத்தான் கொடுப்பார்கள். மிளகாய், தக்காளி போடுகிறவர்களிடம் கேட்டால் மிச்சத் துண்டு கிடைக்கும். வெல்க்ரோ 3 மீட்டர், கோணி ஊசி, நைலான் நூல், இன்சுலேஷன் டேப், சின்ன ஸ்க்ரூக்கள், கொசுவலைத் துண்டு. அவ்வளவுதான்.

வெட்டுவது

செடிகளை வெளியே எடுத்து, மின்சாரத்தைத் துண்டித்து, விளக்கை இறக்கிவிடுங்கள். உறையைத் தரையிலிருந்து 12 செ.மீ. உயரத்தில் சுற்றிலும் சாக்பீஸால் கோடு போட்டு வெட்டுங்கள். கதவு ஜிப் முடிகிற இடத்துக்குக் கீழேதான் கோடு வர வேண்டும். உங்கள் டென்ட்டில் ஜிப் இன்னும் இறங்கியிருந்தால் 12-ஐக் குறைத்துக்கொள்ளுங்கள். அடியில் தனியாக நிற்கும் துண்டு ஒரு தொட்டி மாதிரி, சிந்தும் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கால்

புதுக் குழாயைக் கீழ் மூலை இணைப்பில் செருகுங்கள். அதன் தலையும் பழைய காலின் அடியும் சி.பி.வி.சி. துண்டுக்குள் நேருக்கு நேர் முட்ட வேண்டும், இரண்டு பக்கமும் 10 செ.மீ. உள்ளே. அந்தக் குழாயின் உள்வாய் கொஞ்சம் பெரிது. இரும்பின் மேல் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிச் சுற்றி, தட்டினால்தான் இறங்கும் என்ற அளவுக்குக் கொண்டுவாருங்கள். பிறகு துளை போட்டுப் பக்கத்துக்கு இரண்டு ஸ்க்ரூ. முதல் தடவை நான் இந்தத் துண்டுக்குப் பதில், கடையில் விற்கும் அரை இஞ்ச் கப்ளர் (இரண்டு குழாயைச் சேர்க்கும் குட்டை இணைப்பு) போட்டேன். கச்சிதமாக உட்கார்ந்தது, ஆனால் ஒவ்வொரு பக்கமும் விரல் நுனி ஆழம்தான் பிடி. விளக்கை மாட்டியதும் டென்ட் மொத்தமும் கல்யாண வீட்டுப் பந்தல் கால் மாதிரி சாய்ந்தது.

80 செ.மீ. அடியில் 2 மீட்டர் உயரம் என்பது தடுக்கினால் சாயும். மேல் சட்டத்தை ஜன்னல் கம்பியோடு கட்டிவிடுங்கள்.

மறைப்பு

இப்போது நடுவே 40 செ.மீ. இடைவெளி தெரியும். ஷீட்டைக் கறுப்போடு கறுப்பு சேர நீளவாக்கில் மடியுங்கள். 120 செ.மீ. அகலம் 60 ஆகிவிடும், மேலும் கீழும் 10 செ.மீ. ஏறிக்கொள்ள இடம் இருக்கும். வெள்ளி முகம் உள்ளே பார்ப்பதால் வெளிச்சம் செடிக்கே திரும்பும்.

மூன்று பக்கத்துக்கு ஒரே துண்டாக 2.6 மீட்டர், முன்பக்கத்துக்குத் தனியாக 1 மீட்டர். ஷீட்டின் மேல் ஓரம் உறைக்கு வெளியே, கீழ் ஓரம் அடித்தொட்டிக்கு உள்ளே. ஓடு வேய்கிற கணக்குதான்: உள்சுவரில் வேர்த்து வழிகிற தண்ணீர் தரைக்குப் போகாமல் அடித்தொட்டியில் விழும். மாற்றி வைத்தால் காலையில் துடைப்பமும் கையுமாக நிற்க வேண்டியதுதான்.

டேப் மட்டும் ஒட்டினால் சாரல் ஈரத்தில் ஒரு வாரம் தாங்காது. கோணி ஊசியால் தைத்துவிடுங்கள். முன்பக்கத் துண்டுக்கு அடி ஓரம் மட்டும் தையல், மற்ற மூன்று ஓரமும் வெல்க்ரோ. இல்லாவிட்டால் கதவு 40 செ.மீ. மேலே போய்விட்டதால் செடித் தொட்டியை வெளியே எடுக்க இடுப்பு ஒடிந்துவிடும்.

காற்று

கொள்ளளவு 1.02 கன மீட்டரிலிருந்து 1.28 ஆகிறது, கால் பங்கு கூடுதல். மணிக்கு 150 கன மீட்டர் இழுக்கும் 4 இஞ்ச் விசிறி அரை நிமிடத்தில் அதைக் காலி செய்துவிடும். புது விசிறிக்குச் செலவழிக்காதீர்கள். ஆனால் காற்று உள்ளே வரும் டென்ட்டின் பழைய ஜன்னலும் மேலே ஏறிவிட்டதே, அடியில் ஈரக்காற்று தேங்கும். பின்பக்க ஷீட்டில், அடித்தொட்டி விளிம்புக்குச் சற்று மேலே, உள்ளங்கை அளவு வெட்டிக் கொசுவலை தைத்து, வெளியே ஒரு கறுப்பு மடிப்பைத் தொங்கவிடுங்கள். வெள்ளரி வைப்பவர்கள் இதை விட்டால் இலையில் சாம்பல் நோய் வந்து நிற்கும்.

கடைசியாக, ராத்திரி அறை விளக்கை அணைத்துவிட்டு டென்ட் விளக்கை மட்டும் போட்டுச் சுற்றி வாருங்கள். ஊசித் துளை எல்லாம் நட்சத்திரம் மாதிரி தெரியும். தக்காளிக்கு அது ஒன்றும் செய்யாது. செவ்வந்தி வைத்திருந்தால் வெளி வெளிச்சமும் அதே துளை வழியாக உள்ளே போகும் என்று கணக்கு. நீண்ட இருட்டு கிடைத்தால்தான் அது பூக்கும், ஆகவே ஒவ்வொரு துளையின் மேலும் கறுப்பு டேப் ஒட்டிவிடுங்கள்.