ஒரு பலூன், ஒரு நட்டு, ஒரு போன்: எல்லா வயசு பசங்களுக்கும் ஒரே சயின்ஸ் கிளாஸ்

சயின்ஸ் கிட்னு பெட்டி பெட்டியா வாங்கி அடுக்குறதுக்கு முன்னாடி கையில இருக்கற போனை ஒரு தடவை பாருங்க, மைக், வேகம் மாறுறத அளக்கற ஆக்சிலரோமீட்டர், காந்தத்த அளக்கற சென்சார்னு ஒரு குட்டி லேபே அதுக்குள்ள இருக்கு. ஃபைஃபாக்ஸ்னு ஒரு ஆப், ஜெர்மனியில ஆகன் யுனிவர்சிட்டி ஆளுங்க 2016ல விட்டது, ஃப்ரீதான், ஆண்ட்ராய்டு ஐபோன் ரெண்டுலயும் ஓடும். அதுல அக்கௌஸ்டிக் ஸ்டாப்வாட்ச்னு ஒன்னு இருக்கு, முதல் சத்தம் கேட்டா ஓட ஆரம்பிச்சு அடுத்த சத்தத்துல நின்னுடும். அவ்ளோதான் அதோட வேலை, ஆனா இத வச்சே ஆறு வயசுலேர்ந்து காலேஜ் வரைக்கும் அத்தன பேரையும் கட்டிப் போட்டுடலாம்.

பலூன ஊதி அதோட வாயில நூல் கட்டி, நூல் நுனியில ஒரு இரும்பு நட்டைத் தொங்க விடுங்க. நேர் கீழ ஒரு எவர்சில்வர் தட்டைக் கவுத்து வைங்க. நட்டோட அடியிலேர்ந்து தட்டு வரைக்கும் உயரத்த ஸ்கேல்ல அளந்துக்கோங்க (பலூன்லேர்ந்து அளக்கக் கூடாது, பாதி பேர் இங்கதான் கோட்டை விடுவாங்க). ஊசியால குத்தினா 'டப்'னு வெடிக்கும், க்ளாக் ஓடும், நட்டு தட்டுல 'டங்'குனு விழும், க்ளாக் நிக்கும். போன தட்டுக்குப் பக்கத்துலயே வைக்காதீங்க, நான் முதல் தடவ அப்படி வச்சு நட்டு எகிறி ஸ்க்ரீன் கார்டு போச்சு. ஏரோப்ளேன் மோடுல போட்டுடுங்க, ஃபேன ஆஃப் பண்ணிடுங்க, யாராவது இருமினாலே க்ளாக் ஓடுதுன்னா ஆப்ல த்ரெஷோல்ட (எவ்ளோ பெரிய சத்தத்துக்கு க்ளாக் ஓடணும்ங்கற அளவு) கொஞ்சம் ஏத்தி வைங்க.

இப்ப முக்கியமான விஷயம், குத்துறதுக்கு முன்னாடி எல்லாரையும் ஒரு பதில் எழுத வைக்கணும். வாயால சொல்ல விட்டா ஒருத்தன் சொன்னதயே மத்தவங்களும் சொல்லுவாங்க, பேப்பர்ல எழுதிட்டா அது அவனோட பந்தயம் மாதிரி ஆயிடும், அப்புறம் நீங்க கவனி கவனின்னு கத்தவே வேணாம்.

சின்னப் பசங்ககிட்ட பெரிய நட்டு சீக்கிரம் விழுமா, சின்ன நட்டானு மட்டும் கேளுங்க. பெருசுன்னு அடிச்சு சொல்லுவாங்க, நேரம் கிட்டத்தட்ட ஒன்னாதான் வரும், நம்ப மாட்டாங்க, திரும்பப் பண்ணச் சொல்லுவாங்க, பலூன் நெறைய வாங்கி வைங்க. வெடிச் சத்தத்துக்கு பயப்படற குழந்தை இருந்தா ஊசிய அது கையிலயே குடுத்துடுங்க, தானே குத்தும்போது பயம் பாதி போயிடும்.

கொஞ்சம் பெரிய பசங்களுக்கு 20 சென்டிமீட்டர்ல விட்டுக் காட்டுங்க, சுமார் 0.20 செகண்ட் வரும். 80ல விட்டா எவ்ளோன்னு கேட்டா உயரம் நாலு மடங்கு, அதனால 0.80ன்னு எழுதுவாங்க. வர்றது 0.40தான்! அப்ப க்ளாஸ்ல ஒரு நிமிஷம் சத்தமே இருக்காது, நீங்களும் உடனே வாயத் தொறந்து விளக்கிடாதீங்க, ப்ளீஸ். ஹையர் செகண்டரி பசங்கன்னா அஞ்சாறு உயரத்துல எடுத்து, நேரத்தோட ஸ்கொயர் கீழ படுக்கைக் கோட்டுல, உயரம் நிமிர்ந்த கோட்டுலன்னு கிராஃப் போடச் சொல்லுங்க, கோட்டோட சரிவ மீட்டர் கணக்குல ரெண்டால பெருக்குனா 9.8க்குப் பக்கத்துல வந்து நிக்கும், அதான் புவியீர்ப்பு முடுக்கம் (g). காலேஜ் பசங்ககிட்ட ஏன் சரியா 9.8 வரலன்னு கேட்டுட்டு ஒதுங்கிடுங்க, சத்தம் ஒரு மீட்டர் போகவே 3 மில்லிசெகண்ட் ஆகுதே, போன எங்க வைக்கணும்னு அவங்களே சண்ட போடுவாங்க.

கலிலியோவுக்கு இந்த வசதியெல்லாம் இல்ல, உருண்டைய சரிவுல உருட்டி விட்டு, பாத்திரத்துலேர்ந்து ஒழுகின தண்ணிய எடை போட்டு நேரம் பாத்தாரு. இதச் சொன்னா பசங்க போன பாக்கற பார்வையே கொஞ்சம் மாறும்.

முடிஞ்சதும் வெடிச்ச பலூன் துண்டுங்கள ஒன்னு விடாம பொறுக்கிடுங்க, குட்டீஸ் வாயில போட்டா தொண்டையில சிக்கிக்கும்.