கொறங்காட்டில் புல் சன்னமாகிவிட்டதா? உழாமலே சரிசெய்யலாம்

காங்கேயம், தாராபுரம் பக்கம் கொறங்காடு (வேலி போட்ட மானாவாரி மேய்ச்சல் நிலம்) வைத்திருப்பவர்கள், கொழுக்கட்டைப் புல் அங்கங்கே சொட்டையாகிவிட்டால் மொத்தத்தையும் உழுது புரட்ட வேண்டாம், இருக்கிற தூரும் போய்விடும். புரட்டாசியில் மாட்டையோ ஆட்டையோ விட்டு நன்றாக ஒட்ட மேயவிட்டு, சொட்டை விழுந்த இடங்களில் மட்டும் முள் கலப்பையாலோ மண்வெட்டியாலோ மேல்மண்ணைக் கீறிவிட்டு, முதல் மழை ஈரத்தில் முயல் மசால் (பயறு வகைத் தீவனச் செடி) விதை தூவுங்கள். வெறும் நிலத்துக்கே ஏக்கருக்கு 4 கிலோ போதும், சொட்டைக்கு அந்தக் கணக்கில் குறைத்துக்கொள்ளலாம்.

விதைத்தோல் கெட்டி. அப்படியே போட்டால் பாதி முளைக்காது, அதனால் 80 டிகிரி வெந்நீரில் (கொதிக்கிற தண்ணீர் வேண்டாம்) 4 நிமிடம் வைத்து எடுத்து, இரவு முழுக்கப் பச்சைத் தண்ணீரில் ஊறவிட்டு, ஈர மணலோடு கலந்து தூவுங்கள். ஆழமாக மூடக் கூடாது, முள்ளுச் செடியை இழுத்துவிட்டாலே போதும்.

கொழுக்கட்டை விதையும் சேர்ப்பதென்றால் புது விதை வேண்டாம், அது உறக்கத்தில் இருக்கும், உடனே முளைக்காது, போன பருவத்து விதையாகப் பாருங்கள்.

அப்புறம், கிளுவை வேலியில் சந்து இருந்தால் முதலில் அதை அடையுங்கள். முதல் வருஷம் மசால் பூத்து விதை கொட்டும்வரை ஆடு உள்ளே போகக் கூடாது, கொட்டிவிட்டால் அடுத்த மழைக்குத் தானே முளைத்துக்கொள்ளும்.