டயப்பர் புண்: மடிப்பைப் பார்க்கத் தவறியதில் 9 நாள் போச்சு

8 மாதக் குழந்தை. காதுத் தொற்றுக்கு அமாக்ஸிசிலின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்து முடித்த மூன்றாம் நாள் டயப்பர் இடம் சிவந்தது. ஜிங்க் ஆக்சைடு க்ரீம் தடவினேன், குறையவில்லை. டயப்பர் பிராண்டை மாற்றினேன். வாசனை வைப்ஸை விட்டு வெதுவெதுப்பான நீரும் பஞ்சும் பிடித்தேன். தேங்காய் எண்ணெயும் பார்த்தாயிற்று. சிவப்பு இன்னும் பரவியது.

கவனிக்காமல் விட்டது தொடை மடிப்பு. ஈரம் உரசி வரும் சாதாரணப் புண் டயப்பர் படும் மேட்டில்தான் இருக்கும், மடிப்பு பெரும்பாலும் தப்பிவிடும். இங்கே மடிப்புக்குள்தான் அடர் சிவப்பு, ஓரத்தைத் தாண்டித் தனித்தனியாகச் சின்னச் சின்னப் புள்ளிகள். இது கேண்டிடா பூஞ்சை. ஆன்டிபயாடிக் நல்ல பாக்டீரியாவையும் குறைப்பதால் இது தலைதூக்கும். இதே பூஞ்சை வாயிலும் வரலாம் என்பதால், நாக்கில் துடைத்தாலும் போகாத வெள்ளைப் படிவம் இருக்கிறதா என்றும் டாக்டர் பார்த்தார்; இல்லை.

எழுதித் தந்தது பூஞ்சைக்கான க்ளோட்ரிமசோல் 1% க்ரீம், தினம் இரண்டு வேளை. கழுவி, ஒற்றி, நன்றாக உலரவிட்டு மெல்லிசாக இதைத் தடவி, சில நிமிடம் கழித்து மேலே ஜிங்க். வரிசை மாறினால் மருந்து தோலில் இறங்காது. ஈரத்தின் மேல் ஜிங்க் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். என் தவறு அதுவும்தான்.

மூன்றாம் நாள் சிவப்பு மங்கியது. மறைந்த பிறகும் டாக்டர் சொன்ன நாள்வரை தடவினேன். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த பூஞ்சை க்ரீம் மட்டும் வேண்டாம். டயப்பருக்குள் தோல் அதை அதிகமாக உறிஞ்சும்.